என் மனைவி நிலாவை அளந்த வருடம்

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் மூடிக் கிடந்த ஐப்பசிக் கடைசி அது. சிவகாசியில் எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடுகள். ஆறு வீட்டுக்காரர்களும் அன்றைக்குச் சாயங்காலம் மொட்டைமாடியில் கூடியிருந்தோம். காலையிலிருந்தே எல்லார் போனிலும் ஒரே செய்தி. நிலா பூமிக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது, இன்றைக்கு சூப்பர் மூன், வழக்கத்தைவிட மிகப் பெரிதாகத் தெரியும், பார்க்கத் தவறாதீர்கள் என்று.

கிழக்கே உடைமரக் காட்டுக்கு மேலே அது எழும்பியபோது மாடியே ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டது. நன்றாகத் துலக்கிய செம்புத் தட்டு மாதிரி நிறம். செல்போன் டவருக்குப் பக்கத்தில் வந்ததும் டவரே பொம்மையாகிவிட்டது.

"யாத்தே, எம்புட்டுப் பெரிசு!" என்றார் பக்கத்து வீட்டு மதினி.

நான் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவன். வருடத்தில் பாதி மாதங்கள் காலண்டர்தான் ஓடும். பௌர்ணமி, அமாவாசை, கிரகணம் என்று என்ன வந்தாலும் காம்பவுண்டில் என்னைத்தான் கேட்பார்கள். அச்சடிக்கிறவனுக்கு அர்த்தமும் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. நிலா பூமியைச் சுற்றுகிற பாதை சரியான வட்டம் இல்லை, ஒரு பக்கம் கிட்டே வரும், ஒரு பக்கம் தள்ளிப் போகும், கிட்டே வருகிற நாளில் பௌர்ணமி வந்தால் நிலா இப்படித்தான் பெரிதாக இருக்கும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள்.

"இது பெரிசா இல்லீங்க. நம்ம கண்ணுக்குத்தான் அப்பிடித் தெரியுது."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "உலகமே பெரிசுங்குது, பத்தாவதோட நின்னவ இல்லைங்கா. கேட்டுக்கோங்க," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்க வைத்தேன் என்பதுதான் சரி.

 அவள் சுவர் மேல் யாரோ வைத்திருந்த பழைய காலண்டர் தாள் ஒன்றை எடுத்தாள். அவள் கையில் காகிதம் கிடைத்தால் அது தானாகவே குழாயாகிவிடும், அது அவள் தொழில். சுற்றிய குழாயை ஒரு கண்ணில் வைத்து நிலாவைப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். டவரும் மரங்களும் மறைந்து, இருட்டு வட்டத்துக்கு நடுவில் நிலா மட்டும் தெரிந்தது. சின்ன நிலா. எல்லா மாதமும் தலைக்கு மேலே பார்க்கிற அதே நிலா. குழாயை எடுத்தால் செம்புத் தட்டு. வைத்தால் சின்ன நிலா.

எனக்குள் ஏதோ அசைந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது. "கொளாய் வளியா பார்த்தா எல்லாமே சின்னதாத்தான் தெரியும்."

மறுபடி சிரிப்பு. அவள் குழாயை என் கையிலிருந்து வாங்கி, மடிக்காமல் கசக்காமல் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் குழாய்ப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வானத்தில் போய் விரிகிற வெடிகளுக்கு அட்டைக் குழாய் வேண்டும். கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, இறுக்கி, உருவி எடுக்க வேண்டும். மருந்து நிரப்புகிற அறைகள் தூரத்தில் தனித்தனியாக இருக்கும். இவள் பிரிவில் காகிதமும் பசையும் மட்டும்தான். பதினெட்டு வருடமாக அதே வேலை. ஒரு குழாயைக் கையில் எடுத்தால் அது அளவுக்கு ஒரு நூல் கூடவா, அரை நூல் கூடவா என்று அளவுகோல் இல்லாமல் சொல்லிவிடுவாள்.

இதை நான் கேள்விப்பட்டிருந்தேனே தவிர பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஒரு சீசனில் வெளியூரிலிருந்து ஒரு லோடு குழாய் கம்பெனிக்கு வந்ததாம். இவள் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது லூசு, உள்ள குண்டு ஆடும். ஆடுச்சுன்னா நேரா மேல போகாது," என்று இறக்க விடாமல் நின்றிருக்கிறாள். போர்மேன் கோபத்தோடு அளவுக் கட்டையை எடுத்து வந்து ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்திருக்கிறார். பிறகு லோடை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாராம். அன்றிலிருந்து வெளிக் குழாய் வந்தால் முதலில் இவளிடம் காட்டிவிட்டுத்தான் இறக்குவார்கள். எனக்கு இதைச் சொன்னது அவள் இல்லை. அவளோடு கம்பெனி வேனில் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டு மதினி.

மாடியில் நடந்ததற்கு மறுவாரம், நான் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டாள். "ஏங்க, காலண்டருக்கு ஓட்டை போடுற மெசின்ல, தடிச்ச அட்டை ஒண்ணுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கொண்டாறீகளா?"

எதற்கென்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. உள்ளங்கை அகல அட்டையில் நடுவே ஓட்டை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். சட்டைப் பொத்தானைவிடச் சின்ன ஓட்டை.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு வானம் முழுக்க மேகம். அவள் மாடிக்குப் போய்விட்டு உடனே திரும்பி வந்தாள். மார்கழியில் வானம் தெளிந்திருந்தது. நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது அவள் வீட்டில் இல்லை. மாடியேறிப் போனேன். எங்கள் அச்சகத்துக்குக் காகிதக் கட்டுகள் நீளமான மரச் சட்டங்கள் மேல் வரும், அவற்றில் சிலதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அப்படி மூன்று அடி நீளமுள்ள ஒரு சட்டத்தின் ஒரு முனையைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு, மறு முனையை நிலாவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். நான் கொடுத்த அட்டை சட்டத்தின் மேல் நின்றது. அதை முன்னும் பின்னும் நகர்த்தினாள். ஓரிடத்தில் நிறுத்தி, மூச்சைப் பிடித்து, பென்சிலால் ஒரு கோடு போட்டாள். நான் படியிலேயே நின்று பார்த்துவிட்டு, அவள் திரும்புவதற்குள் இறங்கிவிட்டேன்.

சாப்பிட்ட பிறகு, ஒன்பது மணி வாக்கில் நிலா நன்றாக மேலே ஏறியதும் மறுபடி போய் இன்னொரு கோடு போட்டுவிட்டு வந்தாள்.

தை, மாசி என்று ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இதே வேலை. சட்டம் கதவுக்குப் பின்னால் நிற்கும். கம்பெனியிலிருந்து களைத்து வருகிறவள், வேனிலிருந்து இறங்கி முகம் கழுவிவிட்டு நேராக அதை எடுத்துக்கொண்டு மேலே போவாள். காம்பவுண்டில் கேலி பேசினார்கள். "அக்கா நெலாவுக்குச் சட்டை தைக்கப் போறாக போல," என்று ஒருவர் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே, "ஆமா, அளவு எடுக்கேன்," என்றாள். நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

பங்குனிப் பௌர்ணமி அன்று என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மாதத்துக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகள், நிலா எழும்பும்போது ஒன்று, மேலே போனதும் ஒன்று. பொடிப் பொடி எழுத்தில் மாதப் பெயர்கள். ஒரே மாதத்தின் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றன் மேல் ஒன்று விழுந்திருந்தன. ஆனால் மார்கழியிலிருந்து தை தள்ளியிருந்தது, தையிலிருந்து மாசி இன்னும் தள்ளியிருந்தது. நடைபோட்டுப் போகிற மாதிரி.

வேனிலிருந்து இறங்கி வந்தவள் நான் அதைக் கையில் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன கணக்கு இது?" என்றேன்.

"மேல வாங்க," என்றாள். அவ்வளவுதான்.

மாடியில் சட்டத்தை என் கன்னத்தில் வைத்துவிட்டாள். "ஒத்தக் கண்ணால ஓட்டை வளியா பாருங்க. அட்டையை நகட்டுங்க. ஓட்டை முளுக்க நெலாவா ரொம்பணும். ஓரத்துல கறுப்பு தெரியக் கூடாது, நெலாவும் வெட்டுப்படக் கூடாது. அங்கன நிறுத்துங்க."

சொல்வதைப் போல எளிதாக இல்லை. மூச்சு விட்டாலே அட்டை அசைந்தது. நாலைந்து முறை பார்த்த பிறகு ஓட்டைக்குள் நிலா வந்து சரியாக உட்கார்ந்தது. கோடு போட்டேன். மாசிக் கோட்டையும் தாண்டி விழுந்தது. அவள் வாங்கி அளந்து தனியாக ஒரு கோடு போட்டாள். இரண்டுக்கும் இடையில் ஒரு தாள் கனம்தான் வித்தியாசம்.

"நெலா பெரிசா இருந்தா அட்டை கண்ணுக்குக் கிட்ட வரணும். சிறிசா இருந்தா தள்ளிப் போகணும். மார்களிக்கு இப்ப பாருங்க, மூணு விரக்கடை, மூணு வெரல் அகலம் தள்ளிப் போயிருச்சு. அப்ப நெலா சிறிசாகிட்டே வருது. நீங்க சொன்னது நெசந்தான்."

"நான் என்ன சொன்னேன்?"

"கிட்ட வந்தா பெரிசு, தள்ளிப் போனா சிறிசுன்னு சொன்னீகல்ல. நான் அன்னைக்கு அது பெரிசே இல்லைன்னேன். அது தப்பு. மாசத்துக்கு மாசம் மாறத்தான் செய்யுது." ஒரே மாதத்தின் இரண்டு கோடுகளைத் தொட்டுக் காட்டினாள். "ஆனா ஒரே நாள்ல, கெளக்க எந்திரிக்கையிலயும் உச்சிக்குப் போனப்பறமும் ஒரே அளவுதான் இருக்கு. அன்னைக்கு நாம அம்புட்டுப் பேரும் யாத்தேன்னு பார்த்தோமே, அந்தப் பெரிசு கண்ணு காட்டுனது. நெசமான பெரிசு மூணு விரக்கடை, நாலு விரக்கடை இருக்கும். அளந்தாத்தான் தெரியும்."

அவள் சொன்னதில் வெற்றி பெற்ற குரல் இல்லை. தான் தப்பு என்பதையும் கோடு போட்டு வைத்திருந்தாள், அதை முதலில் சொன்னாள். நானாக இருந்தால் எனக்குச் சாதகமான பாதியை மட்டும் சொல்லியிருப்பேன். மாடியில் நான் பேசியதெல்லாம் அச்சடித்த தாளில் படித்தது, அதில் ஒரு எழுத்தைக்கூட நான் சரிபார்த்ததில்லை. பத்தாவதோட நின்னவ என்ற சொல் என் காதுக்குள்ளேயே வந்து இடித்தது.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அப்பிடிச் சொல்லிருக்கக் கூடாது," என்றேன்.

"கூடாதுதான்," என்றாள். சட்டத்தை வாங்கிச் சுவரில் சாய்த்தாள். "அதுக்காகத்தான் அஞ்சு மாசமா அளந்தேன்னு நெனைக்காதீக. மொத மாசம் கோவத்துல ஆரம்பிச்சேன். ரெண்டாவது கோடு தள்ளி விளுந்தப்ப கோவமெல்லாம் மறந்துபோச்சு. அடுத்த கோடு எங்கன விளுமோன்னுதான் இருந்துச்சு."

சித்திரைப் பௌர்ணமிக்கு நானே வீடு வீடாகப் போய் எல்லாரையும் மாடிக்கு அழைத்தேன். அவர்கள் முன்னால் சொன்னேன். நான் கேலி செய்தது தப்பு, இவள் அளந்திருக்கிறாள், வந்து பாருங்கள் என்று. சொல்லி முடித்ததும் உடம்பு லேசாக இருந்தது. ஒவ்வொருவராகச் சட்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். கோடு பங்குனிக் கோட்டின் பக்கத்திலேயே விழுந்தது. "இனிமே திரும்பி வரும் பாருங்க," என்றாள் அவள்.

திரும்பி வந்தது. வைகாசியில் கொஞ்சம், ஆனியில் இன்னும் கொஞ்சம், ஆடி, ஆவணி என்று கோடுகள் கண்ணை நோக்கி நடந்தன.

புரட்டாசிப் பௌர்ணமி தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் வந்தது. சீசன் உச்சத்தில் இருந்தது. வேன் வீடு வந்து சேர ஏழரை, எட்டு ஆகும். அதனால் அன்று காலையிலேயே சட்டத்தை வேனில் எடுத்துப் போய்விட்டாள். அன்று நடந்ததை மதினி வந்து சொன்னார். வெம்பக்கோட்டை அணையைத் தாண்டுகையில் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நிலா கிளம்பியிருக்கிறது. "டிரைவரண்ணே, ரெண்டு நிமிசம் ஓரங்கட்டுங்க," என்று இவள் கேட்டிருக்கிறாள். பத்து மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் பறக்கிற பெண்கள் பதினான்கு பேர். யாரும் முணுமுணுக்கவில்லையாம். எல்லாரும் இறங்கி ரோட்டோரம் வரிசையாக நின்று பார்த்திருக்கிறார்கள். கடைசியில் டிரைவரும் பார்த்தாராம். ரெண்டு நிமிடம் அரை மணி நேரம் ஆகிவிட்டது.

"எல்லாருக்கும் ஒரே எடத்துலதான் கோடு விளுகுது தம்பி," என்றார் மதினி. "எங்க கைக்கெல்லாம் அளவு தெரியும்ல."

அந்தப் பதினான்கு பேரில் ஒருவருடைய மகள் அங்கே பக்கத்தில் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். அவள் தன் அறிவியல் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். தீபாவளி முடிந்த பிறகு அந்த டீச்சர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். சட்டத்தைக் கையில் வாங்கி, ஒரு கோடு விடாமல் பார்த்தார்.  "இத நான் பாடமா நடத்தியிருக்கேங்க. ஒருநாளும் அளந்து பார்த்ததில்ல," என்றார். வரப்போகிற ஐப்பசிப் பௌர்ணமி அந்த வருடத்திலேயே பூமிக்கு மிகப் பக்கத்தில் வருகிற பௌர்ணமி. அணைக் கரையில் பிள்ளைகளையும் ஊர்க்காரர்களையும் கூட்டி நிலா பார்க்க ஏற்பாடு செய்திருப்பதாகவும், இவள் வந்து பேச வேண்டும் என்றும் கேட்டார்.

"எனக்குப் பேச வராதே டீச்சர்."

"அளக்க வருமில்ல. அது போதும்."

அன்று அவள் ஒரு பச்சைச் சேலை கட்டிக்கொண்டாள். நான் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கரையில் இருநூறு பேருக்குக் குறையாது. வேன் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். போர்மேன் வந்திருந்தார். சிவகாசியிலிருந்து கம்பெனி நடத்துகிற குடும்பத்தார் சிலரும் காரில் வந்து நின்றார்கள். நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். 

மைக்கைப் பிடித்ததும் அவள் குரல் முதலில் கம்மியது. பிறகு சரியாகிவிட்டது.

"நான் பட்டாசுக் கம்பெனியில கொளாய் சுத்துறேன். இங்கன இருக்க பாதிப் பேருக்கு என்னையத் தெரியும். நெலா எந்திரிக்கப் போவுது. பார்த்தவொடன எல்லாருக்கும் பெரிசாத் தெரியும். நல்லாப் பாத்துக்கோங்க, அது அளகுதான். அப்பறம் எல்லார் கையிலயும் ஒரு தாள் தருவாக. கொளாயாச் சுத்திப் பாருங்க."

நிலா தண்ணீருக்கு மேல் வந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. பிறகு இருநூறு காகிதக் குழாய்கள் ஒரே நேரத்தில் கண்ணுக்குப் போயின. ஆர்ப்பரிப்பு அடங்கி, அங்கங்கே "ஏலே, சின்னதாயிருச்சுலே!" என்று பிள்ளைகள் கத்துவது மட்டும் கேட்டது. அவள் அதற்கெல்லாம் காத்திருந்துவிட்டு, சட்டத்தை வாங்கி, பத்துப் பௌர்ணமிக் கோடுகளையும் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னாள். எல்லார் கண் முன்னாலும் பதினோராவது கோட்டைப் போட்டாள். அது எல்லாக் கோடுகளுக்கும் முன்னால், கண்ணுக்கு மிகப் பக்கத்தில் விழுந்தது. பங்குனிக்கும் அதற்கும் நாலு விரக்கடை.

"இம்புட்டுத்தான் நெசமான வித்தியாசம்," என்றாள். "சின்னதுதான். ஆனா இது பொய் இல்ல."

காரில் வந்தவர்களில் ஒருவர், மரியாதையாகத்தான், கேட்டார். "நீங்க என்னம்மா படிச்சிருக்கீக?"

 மாடியில் நான் கேலி செய்த இடத்திலேயே வந்து நின்றது அந்தக் கேள்வி.

"பத்தாவதுங்க," என்றாள் அவள். "இதுக்குப் படிப்பு ரொம்ப வேண்டியதில்ல. பதினோரு பௌர்ணமி வேணும், அம்புட்டுதான்."

முதலில் கை தட்டியது வேன் பெண்கள். பிறகு போர்மேன். பிறகு எல்லாரும். கேட்டவரும் சிரித்துக்கொண்டே தட்டினார். நான் தட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு கையும் அதற்கே போதவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர், "அந்தம்மா யாருங்க, டீச்சரா?" என்று என்னிடம் கேட்டார். "என் வீட்டுக்காரி," என்றேன். அந்த வார்த்தையை அத்தனை சத்தமாக நான் எங்கும் சொன்னதில்லை.

அதன் பிறகு பெரிய வரிசை நின்றது. பிள்ளைகள், அவர்களின் தாய்மார்கள், டீச்சர், கார்க்காரர்கள். ஒவ்வொருவர் கன்னத்திலும் சட்டத்தை அவளே சரியாக வைத்துவிட்டாள். அவசரப்படவில்லை.

அந்தக் கோடுகளை டீச்சர் ஒரு தாளில் வரைந்து, பள்ளியில் மாட்ட வேண்டும் என்று எங்கள் அச்சகத்துக்கே கொண்டுவந்தார். முதலாளி என் மெஷினிலேயே போடச் சொன்னார். சாமி படங்களும் தலைவர்கள் முகங்களும் கடைப் பெயர்களும் லட்சக் கணக்கில் என் மெஷினில் ஓடியிருக்கின்றன. அன்று முதல் தாள் வெளியே வந்தபோது, கோடுகளுக்குக் கீழே "அளந்தவர்" என்று போட்டு அவள் பெயர் இருந்தது. மை காய்கிற வரை அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது மற்றப் பள்ளிகளும் கூப்பிடுகிறார்கள். போர்மேன், "போயிட்டு வா தாயி, கொளாயை நாங்க பாத்துக்கிடுதோம்," என்று லீவு கொடுத்துவிடுகிறார். வருகிற பௌர்ணமிக்குக் காரியாபட்டிப் பக்கம் போகிறோம். பஸ்ஸில் சட்டத்தை நான்தான் பிடித்துக்கொள்வேன். கண்டக்டர் என்ன இது என்று கேட்பார். அவரிடம் முழுக் கதையையும் சொல்ல எனக்கு நேரம் இருக்கும், இரண்டு மணி நேரப் பயணம்.